மாரி முழுக்க வீடு பார்த்தோம்

எனக்குப் பத்து வயதாக இருந்த அந்த மாரி முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வீடு பார்க்கப் போனோம். வாங்குகிற எண்ணமுள்ளவர்கள் இரண்டு மூன்று வீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் திருகோணமலைப் பட்டினத்தில் பாதியைப் பார்த்தோம்; அது போதாமல் பட்டினத்துக்கு வெளியேயும் போனோம். எந்த வீட்டுக் குசினி இருட்டு, எந்த வளவில் கிணற்றுத் தண்ணீர் உவர், எந்த மண்டபத்தில் மழைக்கு வாளி வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. படித்த பாடங்கள் இவ்வளவு நினைவில் இல்லை.

உள்நாட்டுச் சண்டை நடந்த அந்தக் காலத்தில் பட்டினத்தில் விற்பனைக்கு இல்லாத வீடுதான் குறைவு. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள், பிள்ளைகளுக்குப் பின்னால் தாங்களும் போகிறவர்கள், கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தாலே போதும் என்றிருந்தவர்கள் எல்லாரும் விற்கத் துடித்தார்கள். வாங்கத்தான் ஆளில்லை. இருந்த ஓரிருவரில் முக்கியமானவர் இரும்புக்கடை வைத்திருந்த ஒருவர். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எல்லாரும் முதலாளி என்றார்கள், நாங்களும் முதலாளி என்றோம். சண்டை எங்கள் ஆயுளில் முடியாது என்று ஊரெல்லாம் நம்பியிருந்தபோது, அது ஒருநாள் முடியும் என்று உறுதியாக நம்பியவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அந்த நம்பிக்கையில்தான் ஓடிப்போனவர்களின் வீடுகளையும் வயல்களையும் அவர் வந்த விலைக்கு அள்ளிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு பட்டினத்துக்கு வடக்கே திரியாய்க் கிராமத்தில் இருந்தது. அதற்கு முந்திய வருசம் ஊரோடு ஊராக நாங்களும் ஓடிவந்தோம். வீட்டின் கூரை போய்விட்டது என்று பிறகு யாரோ வந்து சொன்னார்கள். கல்வீடு, ஆகவே சுவர்கள் நின்றன. கிணறும் நின்றது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்வழியாகத்தான் போகும். தாய் கலியாணம் முடித்தபோது கிடைத்த வீடு, மகள் கலியாணம் முடிக்கும்போது மகளுக்குப் போகும். அப்படித்தான் அம்மாவுக்கும் அந்த வீடு வந்தது. அதை விற்பதா வைத்திருப்பதா என்று யாராவது அப்பாவிடம் கேட்டால், அது அவவின்ர வீடு, அவவைக் கேளுங்கோ என்று சொல்லிவிடுவார். கப்பல்துறையில் ஓர் அரிசி ஆலையில் அவருக்கு மூட்டை தூக்குகிற வேலை கிடைத்திருந்தது. அங்கேயே படுத்து எழும்பி, கிழமைக்கு ஒருமுறை எங்களைப் பார்க்க வருவார்.

நாங்கள் இருந்தது மாமாவின் வீட்டில். மாமா அம்மாவின் அண்ணன். சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். ஓடிவந்த அன்று எங்களை வீதியில் கண்டு, கேள்வி எதுவும் கேட்காமல் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். அதை மறந்துவிட்டு அவரைப் பற்றிக் கதைப்பது நியாயமில்லை. ஆனால் ஒரு மனிதரின் இரக்கத்தை ஒரு வருசத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அது எப்படி இருக்கும் என்பதை அந்த வீட்டில்தான் நான் கண்டேன். மாமி எங்களை ஒருநாளும் போகச் சொன்னதில்லை. எங்களுக்குச் சோறு போடும்போது மட்டும் அகப்பை கொஞ்சம் பலமாகச் சட்டியில் இடிக்கும். அம்மா அந்தக் குசினியில் சுவரோடு சுவராக ஒதுங்கி நடப்பார். தம்பிக்கு இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வளவுக்குத் தூக்கிக்கொண்டு போவார்.

ஐப்பசி மழை தொடங்கியபோது மாமா ஒரு செய்தியோடு வந்தார். முதலாளி திரியாய்ப் பக்கம் வாங்குகிறாராம். எங்கள் வீட்டையும் அதோடு கிடக்கிற வயலையும் எடுக்கத் தயாராம். கூரை இல்லாத, போய்ப் பார்க்கவும் ஏலாத வீட்டுக்கு இப்படி ஒரு ஆள் கிடைப்பது அதிர்ஷ்டமாம். மறுநாளும் மாமா அதைச் சொன்னார். அதற்கு மறுநாளும் சொன்னார். சாப்பிடும்போது சொன்னார், கை கழுவும்போது சொன்னார். கடைசியில் ஒருநாள் அம்மா வாயைத் திறந்தார்.

"வித்துப்போட்டு எங்க அண்ணை இருக்கிறது? முதல் ஒரு வீடு பாப்பம். வீடு சரிவந்தாப் பிறகு அதைக் கதைப்பம்."

மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அன்று இரவே எங்கெங்கே வீடு விற்கக் கிடக்கிறது என்று விரலை மடித்து மடித்துச் சொன்னார். மாமியின் அகப்பை அன்று சட்டியில் படவே இல்லை.

இப்படித்தான் எங்கள் மாரிப் பயணங்கள் தொடங்கின. அதற்கு முன்பு மாரி என்றால் கன்னியாவுக்குப் போவோம். மார்கழிக் குளிரில் வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிவிட்டு, ஆவி பறக்கிற உடம்போடு மரத்தடியில் இருந்து கட்டுச்சோறு சாப்பிடுவோம். இப்போது கன்னியா வீதி மூடிக் கிடந்தது. கடற்கரையிலும் கால் வைக்க விடுவதில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஊரில் ஓரிடமும் மிச்சமில்லை என்ற நிலையில், அம்மா எங்களை மற்றவர்களின் வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோயிலுக்கு உடுக்கிற பாவாடையை எனக்கும் காற்சட்டையைத் தம்பிக்கும் போட்டுவிடுவார். இடியப்பத்தையும் சம்பலையும் வாழையிலையில் பொதி கட்டிக் கூடையில் வைப்பார். ஒரு குடைக்குள் நான், தம்பி, அம்மா, கூடை எல்லாம் போவோம். கூடைதான் நனையாமல் வந்து சேரும்.

மற்றவர்களின் வீட்டுப் படியில் கால் வைத்ததும் அம்மா வேறொரு ஆளாகிவிடுவார். மாமியின் குசினியில் ஒதுங்கி நடந்தவர் அங்கே நடுமண்டபத்தால் நடப்பார். சுவரில் விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். நிலைக்கதவை ஆட்டிப் பார்ப்பார். அலுமாரி வைத்த இடத்தில் சுவர் ஊறியிருக்கிறதா என்று அதை நகர்த்தச் சொல்வார். வீட்டுக்காரர் நகர்த்துவார். குசினியில் நின்று புகை எந்தப் பக்கத்தால் போகும் என்று கேட்பார். கிணற்றில் தானே ஒரு வாளி அள்ளி, வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ம் என்பார். அந்த ஒற்றை எழுத்தில் வீட்டுக்காரரின் நெஞ்சு இறங்குவது எனக்கே தெரியும். கதிரை போடுவார்கள், தேத்தண்ணி தருவார்கள், தம்பிக்கு மாரி பிஸ்கட் கிடைக்கும். நானும் தம்பியும் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருப்போம். மாமா வீட்டில் எங்களுக்குப் பாய்தான்.

திரும்பி வந்ததும் அம்மா மாமாவிடம் ஒரு குறை சொல்வார். ஒரு வீட்டில் கிணறு உவர். இன்னொன்றில் குசினி மேற்குப் பார்த்து இருக்கிறது. ஒன்றில் வெள்ளம் வாசல் வரை வருகிறது, மாரியில் பார்க்காமல் வாங்கியிருந்தால் ஏமாந்திருப்போம். மாமாவால் மறுக்க முடியாது. சொந்தத் தங்கைச்சி வெள்ளத்துக்குள் வீடு வாங்குவதை யார்தான் விரும்புவார்கள்? அவர் அடுத்த வீட்டைச் சொல்வார்.

கப்பல்துறைக்குப் போன அன்று சீனக்குடாச் சாவடியில் எல்லாரையும் பஸ்ஸால் இறக்கி வரிசையில் விட்டார்கள். மழைக்கோட்டுப் போட்ட ஒரு ஆமிக்காரர் எங்களுடைய கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, எங்கே போவது என்று உடைந்த தமிழில் கேட்டார். வீடு பார்க்க என்றார் அம்மா. யாருடைய வீடு என்றார். இன்னும் தெரியாது என்றார் அம்மா. அவர் சிறிது நேரம் அம்மாவைப் பார்த்தார்; பிறகு சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். சாவடியில் நிற்கும்போது மற்றப் பெண்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அம்மா அன்று குடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது.

கப்பல்துறை வீட்டைப் பார்த்து முடிந்ததும் ஆலைக்குப் போய் அப்பாவைக் கண்டோம். தவிட்டுத் தூசி படிந்த கண்ணிமையோடு அவர் எங்களோடு மரத்தடியில் இருந்து இடியப்பம் சாப்பிட்டார். வீடு எப்படி என்று அவர் கேட்கவே இல்லை. அம்மாவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டார்கள்.

குறிஞ்சாக்கேணிக்குப் போனது இன்னும் வேடிக்கை. அங்கே எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை, நாங்கள் அங்கே போய்க் குடியிருக்கப் போவதும் இல்லை. ஆனாலும் மாமாவின் கடைக்கு வந்த யாரோ அங்கே ஒரு வளவு விலைக்குக் கிடக்கிறது என்று சொன்னதும் அம்மா புறப்பட்டுவிட்டார். களப்பைக் கடக்க, பாதை என்று சொல்லுகிற மிதவைப் படகில் ஏறினோம். மழை ஓய்ந்து களப்பு பால் மாதிரிக் கிடந்தது. தம்பி நடுவில் இருந்த ஒரு லொறிக்கு அடியில் புகுந்து விளையாடினான். வளவுக்காரர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு ஹாஜியார். அவருடைய மனைவி எங்களுக்கு எருமைத் தயிரும் சீனியும் தந்தார். அம்மா வளவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்லது, ஆனால் பாதை ஓடாத நாளில் என்ன செய்வது என்று இழுத்தார். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு, "வாங்காட்டியும் ஒண்டுமில்ல தங்கச்சி. மழை வருது, விட்டாப் பிறகு போங்க" என்றார். தயிர்ச் சட்டியை வழித்து முடித்துவிட்டுத்தான் போனோம்.

எனக்கு இதெல்லாம் விளையாட்டு இல்லை. நான் உண்மையாகவே வீடு தேடினேன். ஒவ்வொரு வீட்டிலும் என்னுடைய அறை எது என்று முடிவு செய்வேன். பள்ளிக்கூடத்தில் கூட இருக்கிறவளிடம் திங்கட்கிழமை அதைச் சொல்வேன். அடுத்த திங்கட்கிழமை அறையை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அவள் என்னைப் பெரிய புளுகி என்று நினைக்கத் தொடங்கிவிட்டாள்.

கிறிஸ்து பிறந்த நத்தார் நெருங்குகிற ஒரு ஞாயிறு உட்துறைமுக வீதியில் மிஸியின் வீட்டுக்குப் போனோம். பெரியாஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆகவே ஊருக்கெல்லாம் மிஸி. புருசன் இறந்துபோனார். இரண்டு மகன்மாரும் அவுஸ்திரேலியாவில். வீட்டை விற்றுவிட்டு வரச் சொல்லி அவர்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தில் சவுக்குக் கிளை ஒன்றை வாளிக்குள் நட்டுப் பஞ்சு ஒட்டி வைத்திருந்தார். எனக்கும் தம்பிக்கும் இஞ்சி போட்ட கேக் தந்தார்.

அந்த வீட்டின் பக்கத்து அறையில் ஒரு சன்னல் இருந்தது. அதன் அடியில் அகலமான சிமெந்துத் திட்டு. ஒரு பிள்ளை காலை மடக்கிக்கொண்டு இருக்கலாம். நான் ஏறி இருந்தேன். கீழே துறைமுகம் முழுவதும் தெரிந்தது. சாம்பல் நிறக் கப்பல்கள் அசையாமல் நின்றன. அந்தக் கரையில் மலைகளுக்கு மேல் மழை பெய்யத் தொடங்கி, தண்ணீரின் மேலால் நடந்து நடந்து எங்களை நோக்கி வந்தது. வந்து சன்னலில் அடித்தபோது நான் உள்ளே நனையாமல் இருந்தேன். அந்த இடத்தை விட்டு இறங்குவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

அம்மா வழக்கம்போலச் சுவர் தட்டினார், கதவு ஆட்டினார், கிணற்றுத் தண்ணீரைக் கொப்பளித்தார். மிஸி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளிகளைப் பார்த்துப் பழகிய கண். கடைசியில் அம்மாவைக் குசினி வாங்குப் பலகையில் இருத்தி, தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு கேட்டாராம்; நான் வளர்ந்த பிறகுதான் அம்மா இதைச் சொன்னார்.

"பிள்ளை, நீர் வீடு வாங்க வந்த ஆள் இல்லை, என்ன?"

அம்மா கோப்பையை வாங்கி இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை மிஸி."

பிறகு அம்மா தாழ்ந்த குரலில் நெடுநேரம் கதைத்தார். சன்னலில் இருந்த எனக்கு மழையில் எதுவும் கேட்கவில்லை. இடையில் மிஸி சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் புறப்படும்போது வாசலில் நின்று மிஸி சொன்னதைத்தான் கேட்டேன். "அவசரப்படாதையும். மாரி முழுக்க வந்து பாரும். தையிலயும் பாரும். வீடெண்டா ஆறுதலாப் பாக்கவேணும்."

விற்கிற ஆளே இப்படிச் சொன்னால் அவர் எவ்வளவு நேர்மையானவர் என்று நான் வியந்தேன். மழை ஒழுகுகிறதா என்று எல்லா மழையிலும் வந்து பார்க்கச் சொல்கிறார் என்றுதான் விளங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மிஸி வீட்டுக்குத்தான் போனோம். மாமாவிடம் அம்மா, வீடு பிடித்திருக்கிறது, இன்னும் ஒருக்காப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். மிஸி தன்னுடைய மகன்மாருக்கு, திரியாய்க் குடும்பம் ஒன்று வந்து வந்து பார்க்கிறது, அநேகமாக முடிந்த மாதிரித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நத்தாருக்கு அவர் எங்களுக்குக் கொக்கிஸ் என்ற அச்சுப் பலகாரம் சுட்டுத் தந்தார். பொங்கலுக்கு அம்மா மிஸியின் முற்றத்தில் கல் வைத்துப் பொங்கினார். சிலுவைக்குக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிட்டோம். துறைமுகத்தில் இருந்து எப்போதாவது பீரங்கிச் சத்தம் வந்து கண்ணாடிகள் அதிரும். இரண்டு பேரும் அதைக் கவனிக்காதவர்கள் போலக் கதையைத் தொடர்வார்கள். வாங்க வந்தவரும் விற்க இருந்தவரும் விலையைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காதது எனக்கு அப்போது வித்தியாசமாகப் படவில்லை. எனக்குச் சன்னல் இருந்தது, அது போதும்.

மாமா பொங்கல் வரைக்கும் பொறுத்தார். தையில் ஒரு ஞாயிறு, நாங்கள் மிஸி வீட்டில் இருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. மாமா இறங்கினார். அவருக்குப் பின்னால் முதலாளி இறங்கினார். வெள்ளை வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் படாமல் கால் வைத்து வந்தார். நல்ல மரியாதையான மனிதர். என்னைக் கண்டதும் கன்னத்தில் தட்டி, சட்டைப்பையில் இருந்து இனிப்பு எடுத்துத் தந்தார். எல்லாரும் மண்டபத்தில் இருந்தோம்.

அவர் விசயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். திரியாய் வீட்டையும் வயலையும் அவர் எடுப்பார். அந்தக் காசை அப்படியே மிஸிக்குக் கொடுத்துவிடலாம். அது இந்த வீட்டுக்குக் காணாது, மிச்சத்தை அவரே போடுவார். அதை நாங்கள் மெல்ல மெல்லக் கட்டி முடிக்கும் வரைக்கும் இந்த வீட்டு உறுதிப் பத்திரம் அவரிடம் இருக்கும். மிஸி மகன்மாரிடம் போகலாம், எங்களுக்கு நிரந்தரமாக ஒரு கூரை, மாமாவுக்கும் பாரம் இறங்கும். எல்லாருக்கும் நல்லது. அவர் சொல்லி முடித்தபோது எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது.

அம்மா கிணற்றில் தொடங்கினார். மாரியில் தண்ணீர் நல்லாகத்தான் இருக்கிறது, கோடையில் உவராகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார்.

"இல்லை அம்மா" என்றேன் நான். "மிஸி சொன்னவ, எந்தக் கோடையிலயும் இந்தக் கிணறு நல்ல தண்ணியெண்டு."

அம்மா என்னைப் பார்க்காமல், பின் அறையில் ஓடு விலகியிருக்கிறது, ஒழுகும் என்றார். ஒழுகவில்லை, நான் எல்லா மழையிலும் பார்த்தேன் என்றேன். குசினி இருட்டு என்றார். இருட்டில்லை, காலையில் வெயில் நேராக அடுப்பில் விழுகிறது என்றேன். அந்த மாரி முழுக்க அம்மாவின் பின்னால் திரிந்து வீடு பார்க்கக் கற்றுக்கொண்டது முழுவதையும் நான் அன்று அந்த மண்டபத்தில் எடுத்து வைத்தேன். மாமா என்னைத் தட்டிக் கொடுத்தார். தம்பியும் தன் பங்குக்கு, இங்கே எலி இல்லை என்றான்.

அம்மாவிடம் சொல்வதற்கு ஒரு குறையும் மிச்சமில்லை. இனி அம்மா ஓம் சொல்லுவார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அம்மாவின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.

"பிள்ளை சொல்லுறது சரி. வீட்டில ஒரு குறையும் இல்லை. நான் விக்கேல்லை முதலாளி, அவ்வளவுதான். தொடக்கத்திலயே சொல்லியிருக்கவேணும், ஒதுங்கியிருக்கிற வீட்டில வாய் திறக்கப் பயந்து இருந்திட்டன்."

முதலாளி கோபப்படவில்லை. கூரை இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் தங்கச்சி என்று பரிவாகக் கேட்டார். கூரை இல்லாவிட்டால் மாரியில் நனையும், கோடையில் காயும், நிலம் எங்கேயும் ஓடாது என்றார் அம்மா. அந்தப் பக்கம் இனி ஒருவராலும் போய் இருக்க ஏலாது, அதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்றார் முதலாளி.

"இருக்க ஏலாத இடமெண்டா, நீங்கள் எதுக்கு வாங்கிறீங்கள்?"

முதலாளி வேட்டித் தலைப்பைச் சரி செய்தார். அந்தக் கேள்வியை அதற்கு முன்பு ஒருவரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். கேட்கிற நிலையில் யாரும் இருக்கவில்லை.

மாமா எழும்பிவிட்டார். ஒரு வருசத்துக்கு மேலாகத் தான் பட்ட பாட்டைச் சொன்னார். முதலாளியை நடு மண்டபத்தில் வைத்து அவமானப்படுத்திவிட்டதாகச் சொன்னார். மாரி முழுக்க தன்னை ஏமாற்றி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றியதாகச் சொன்னார். அதெல்லாம் உண்மைதான். கடைசியில், "உன்ர வீடு உன்ர வீடெண்டு கட்டிப் பிடிச்சுக்கொண்டு எங்கள் எல்லாரையும் அழிக்கப்போறியோ?" என்றார்.

அம்மாவும் எழும்பினார். அண்ணனுக்கு முன்னால் அம்மா அப்படித் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றதை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

"என்ர வீடெண்டா வித்திருப்பன் அண்ணை. நாங்கள் உங்களுக்குப் பாரமெண்டு எனக்குத் தெரியும். என்ர வீடெண்டா அண்டைக்கே வித்து உங்கட கையில தந்திருப்பன். அது என்ர வீடு இல்லை."

மாமா எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அவருடைய கண் என்மேல் விழுந்தது. என்னைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். பிறகு மெல்லக் கதிரையில் இருந்துவிட்டார்.

முதலாளி மிஸியின் பக்கம் திரும்பினார். அப்படியானால் இந்த வீட்டைத் தானே நேராக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மிஸி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் பதில் சொன்னார்.

"ஆள் குடியிருக்கிற வீட்டை எப்பிடி முதலாளி விக்கிறது? வாடகைக்கு ஆள் வந்திட்டினம்."

"ஆர்?"

"இவை" என்று மிஸி எங்களைக் காட்டினார்.

அம்மாவுக்கே அது அப்போதுதான் தெரியும் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. மிஸி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலாளிக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டு அவர் போனார். சேற்றைப் பார்த்துக் கால் வைக்க அன்று மறந்துவிட்டார்.

இப்படியாக நாங்கள் மிஸியின் வீட்டுக்குக் குடிபோனோம். மகன்மார் தொலைபேசியில் சத்தம் போட்டார்களாம். சட்டப்படி குடியிருக்கிறவர்களை எழுப்ப ஏலாது, நான் என்ன செய்ய என்று மிஸி அவர்களுக்குச் சொன்னாராம். அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போகவே இல்லை. நாங்கள் புறப்படுகிற அன்று மாமி அழுதார். அது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு பானை, இரண்டு சட்டி, தம்பிக்கு ஒரு போர்வை என்று எங்கள் மூட்டையில் இல்லாததெல்லாம் அதில் வைத்துக் கட்டினார். மாமா கடையில் இருந்து வரவில்லை. ஆனால் எங்கள் மூட்டைகளை ஏற்றிய கைவண்டி அவர் தன் கடைப் பெடியனிடம் கொடுத்து அனுப்பியது.

எனக்குத்தான் ஒன்றும் பிடிக்கவில்லை. சன்னல் இருந்த அறை மிஸியின் அறை. எங்களுக்குக் கிடைத்தது குசினிக்குப் பக்கத்தில் இருந்த அறை. அதற்கும் ஒரு சன்னல் இருந்தது. திறந்தால் கிணறு தெரியும். முழு வீட்டையும் வாங்கித் தர ஒருவர் காரில் வந்தும், அம்மா பிடிவாதத்தால் அதைக் கெடுத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என்னத்தைச் சொல்வது?

குடிபோன அன்று கைவண்டியை அப்பா தள்ளிக்கொண்டு போனார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மழை விட்டிருந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பாவோடு நடந்தேன். என்னை இரண்டு நாளாகக் குடைந்துகொண்டிருந்ததை அப்போதுதான் அவரிடம் கேட்டேன். திரியாய் வீடு அம்மாவின் வீடு இல்லையாமே, அம்மாவே சொன்னார், அப்படியென்றால் அது யாருடைய வீடு?

அப்பா வண்டியை நிறுத்தினார். என்னை உச்சியில் இருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"கெதியா வளர்" என்றார். பிறகு வண்டியைத் தள்ளினார்.

அப்பாவுக்கும் தெரியாது, அதைத்தான் சீக்கிரம் வளரச் சொல்லி மழுப்புகிறார் என்று எனக்குப் பட்டது. யாரென்றே தெரியாத ஒருத்தரின் கூரையில்லாத வீட்டுக்காக மாமாவோடு பகைத்துக்கொண்டு, முதலாளியைத் திருப்பி அனுப்பிவிட்டு, சட்டி பானையோடு வீதியில் போகிறோம். அந்த ஒருத்தரை என்றைக்காவது நேரில் கண்டால் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வீதி முழுக்க வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நடந்தேன்.